செட்டாப் பாக்ஸ் வரைதான் ஸ்டீரியோ

தொலைக்காட்சியின் ஒலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வருகிறவர் முதலில் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘கோஆக்சியல்’ என்ற ஒரே பெயரில் மூன்று இணைப்புகள் நம் வீடுகளில் உலவுகின்றன. முதலாவது, கம்பத்திலிருந்து இறங்கிச் சுவரைத் துளைத்து வரும் கேபிள் ஒயர். திருகும் பின்னோடு பெட்டியின் ஆன்டெனாத் துளையில் ஏறுவது. இரண்டாவது, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று பின் கொண்ட ஏ.வி. கார்டு. மூன்றாவது, சில செட்டாப் பாக்ஸ்களின் பின்புறத்திலும் சில எல்.இ.டி. பெட்டிகளின் ஓரத்திலும் ‘கோஆக்சியல்’ என்றே எழுதியிருக்கும் ஒற்றைத் துளை. மூன்றின் உடலும் ஒரே அமைப்புதான்: நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி மின்கடத்தாப் பொருள், அதன்மேல் உலோக வலை, வெளியே தோல். உடல் ஒன்றாக இருப்பதாலேயே வேலையும் ஒன்று என்று கடைக்காரரும் நினைக்கிறார், வாங்குகிறவரும் நினைக்கிறார். ஸ்டீரியோ ஒலி பற்றிய குழப்பத்தில் பாதி இந்த ஒரு நினைப்பிலிருந்து பிறக்கிறது.

இக்கட்டுரை அந்த மூன்றையும் எடைபோடுகிறது. களம் சேலம், நாமக்கல் சமவெளி. காரணம் இருக்கிறது. இங்குள்ள காதுகள் இரு பக்க ஒலிக்குப் பழகியவை. லாரியின் இரு கதவுகளிலும் ஸ்பீக்கர் பொருத்தி இரவெல்லாம் பாட்டுக் கேட்டு ஓட்டியவர்கள் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் எத்தனையோ பேர். மாரியம்மன் பண்டிகைக்கு ‘ரேடியோ செட்’ கட்டுகிறவர் எந்தப் பெட்டி எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று அறிந்தவர். எஸ்.டி.கே. 4141 ஐ.சி. போட்டு வீட்டிலேயே ஆம்ப்ளிபையர் சேர்த்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. கேட்கத் தெரிந்த இவர்கள் வீட்டிலேயே தொலைக்காட்சியின் ஒலி இன்னும் பெரும்பாலும் மோனோவாக ஒலிக்கிறது. கேட்கும் திறனும் கிடைக்கும் ஒலியும் இப்படி விலகி நிற்பதே இந்தத் திறனாய்வின் தொடக்கப்புள்ளி.

ஒலி எங்கே தொலைகிறது என்பதை அறிய வரலாற்றில் ஓர் அடி போதும். 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டிகள். 2011 செப்டம்பர் 2 அன்று அரசு கேபிள் டி.வி. நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தொடங்கியது. அன்று வீட்டுக்குள் வந்தது அனலாக் அலை. ஆபரேட்டரின் கட்டுப்பாட்டறையில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு மாடுலேட்டர்; பெரும்பாலானவற்றில் ஒலிக்கு ஒரே வழி. செயற்கைக்கோளிலிருந்து இரு தடமாக இறங்கிய பாட்டு, அந்த அறையிலேயே ஒற்றைத் தடமாகி ஒயரில் ஏறியது. வீட்டில் எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும் பயனில்லை. இழப்பு நம் கைக்கு எட்டாத இடத்தில் நேர்ந்துவிட்டது.

டிஜிட்டல் மாற்றம் அந்த நிலையைப் புரட்டியது. கட்டம் கட்டமாக நடந்த அந்த மாற்றத்தின் நான்காம் கட்டக் காலக்கெடு 2017 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், எடப்பாடியைத் தொகுதியாகக் கொண்ட முதல்வரின் ஆட்சியில், அரசு கேபிள் இலவச செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியது. பெட்டிக்குள் வருவது இப்போது எண்களின் ஓட்டம். அதில் இடமும் வலமும் பிரிந்தே வருகின்றன. ஸ்டீரியோ கிராமத்துக் கூரை வரை வந்துவிட்டது. அதன் பிறகும் அது காதுக்கு வரவில்லை என்றால், பிழை பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் கிடக்கும் கடைசி ஒரு மீட்டரில்தான் இருக்க முடியும். பழைய குற்றவாளி ஆபரேட்டரின் அறையில் இருந்தார். இன்றைய குற்றம் நம் ஆசாரத்தில், டி.வி. ஸ்டாண்டின் பின்புறம் இருக்கிறது. நாமே திருத்தக்கூடிய குற்றம் என்பதால் இதைக் கறாராகவே பேச வேண்டும்.

எடைபோட அளவுகோல்கள் நான்கு. முதலாவது தடப் பிரிவு: இடத்தில் பதிந்தது இடத்திலும் வலத்தில் பதிந்தது வலத்திலும் கேட்கிறதா? இரண்டாவது தூய்மை: உறுமலும் இரைச்சலும் இல்லாமல் வருகிறதா? மூன்றாவது ஒத்திசைவு: திரையில் உதடு அசையும்போதே சொல் காதில் விழுகிறதா? நான்காவது தாங்கும் திறன்: நம் ஊர் மின்சாரத்துக்கும் இடிமின்னலுக்கும் எலிப்பல்லுக்கும் ஈடுகொடுத்து, உள்ளூர் மெக்கானிக் கையாலேயே சரிசெய்யக் கூடியதா? முதலாவதில் தோற்றது மற்ற மூன்றில் வென்றாலும் ஸ்டீரியோ என்ற பெயருக்கு உரியதாகாது. முதலாவதில் வென்று நான்காவதில் தோற்றதையும் நல்ல இணைப்பு என்று பரிந்துரைக்க முடியாது.

முதலில் ஆன்டெனாத் துளை வழி. ஆர்.எஃப். என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பழைய பெட்டியில் ஏ.வி. துளை இல்லாதபோது, அல்லது ஒரே செட்டாப் பாக்ஸைக் கொண்டு மாடி அறைப் பெட்டியிலும் படம் பார்க்க விரும்பும்போது, நடுவில் ஒரு மாடுலேட்டர் வைத்து ஒற்றை ஒயரில் படத்தையும் ஒலியையும் சேர்த்து அனுப்புகிறார்கள். இதன் சிறப்பை மறைக்கக் கூடாது. ஒரே ஒயர், 20 மீட்டர் 30 மீட்டர் என்று நீளும், கிளை பிரித்தால் மூன்று அறைக்கும் போகும். விலை குறைவு. கேபிள்காரர் மிச்சம் விட்டுப்போன ஆர்.ஜி.6 சுருளே போதும்.

ஆனால் முதல் அளவுகோலிலேயே இது விழுகிறது. நம் நாட்டு பால்-பி/ஜி முறையில் படத்தின் அலைக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலிக்கு ஒரு துணை அலை. வீட்டு மாடுலேட்டர் உருவாக்குவது அந்த ஒன்றை மட்டுமே. அதன் முகப்பில் சிவப்பும் வெள்ளையும் இரு துளைகளாக இருக்கலாம். உள்ளே இரண்டும் ஒரு புள்ளியில் கலந்துவிடுகின்றன. துளையின் எண்ணிக்கை தடத்தின் எண்ணிக்கைக்குச் சான்றாகாது. மறுமுனையில் தொலைக்காட்சியின் இரு ஸ்பீக்கரும் ஒலிப்பதைக் கேட்டு ‘ரெண்டு பக்கமும் வருதுங்களே’ என்று நிறைவடைகிறவர்கள் உண்டு. இரு பக்கமும் வருவது ஒரே ஒலி. அதற்கு ஸ்டீரியோ என்று பெயரிட முடியாது.

இங்கே நியாயம் தவறக் கூடாது. ஆன்டெனா ஒயர் வழியாக ஸ்டீரியோ அனுப்பவே முடியாது என்று சொன்னால் அது பொய். ஜெர்மனி 1981இலேயே 5.742 மெகாஹெர்ட்ஸில் இரண்டாவது துணை அலை ஒன்றைச் சேர்த்து இரு தடங்களை அனுப்பியது. அமெரிக்கா 1984இல் தனக்கென ஒரு முறையை ஏற்றது. பிரிட்டன் நொடிக்கு 728 கிலோபிட் கொண்ட நிகாம் முறையை வகுத்து, ஒலியை எண்ணாக்கியே அதே ஒளிபரப்பில் ஏற்றியது. சிங்கப்பூர்த் தொலைக்காட்சியும் நிகாமைக் கைக்கொண்டது. ஆகவே கம்பியிடம் குறை இல்லை. அனுப்பும் மாடுலேட்டரிலும் வாங்கும் டியூனரிலும் அந்தக் கூடுதல் சுற்று இருக்க வேண்டும். நம் கடைவீதியில் கிடைக்கும் மலிவான மாடுலேட்டரில் அது இருப்பதில்லை. இல்லாத ஒன்றை ஒயரை மாற்றி வரவழைக்க முடியாது. ‘நல்ல ஒயர் போட்டா ஸ்டீரியோ வந்துடும்’ என்ற விற்பனைப் பேச்சு இந்த இடத்தில் முற்றாகத் தோற்கிறது.

இரண்டாவது அளவுகோலிலும் ஆர்.எஃப். தடுமாறுகிறது. செய்திச் சேனலில் அடியில் வெள்ளை எழுத்து ஓடும்போது ஒலியில் ஒரு ‘கிர்ர்’ உறுமல் ஏறுவதைக் கேட்டிருப்பீர்கள். படத்தின் வெளிச்சம் அளவு மீறும்போது அது ஒலியின் அலைக்குள் கசிகிறது. எழுத்து மறைந்தால் உறுமலும் மறைகிறது. ஒத்திசைவில் மட்டும் இம்முறைக்கு முழு மதிப்பெண்: படமும் ஒலியும் ஒரே வண்டியில் ஏறி ஒன்றாகவே இறங்குகின்றன. ஆகவே இதன் இடம் தெளிவு. செய்தியும் தொடரும் பார்க்கும் இரண்டாம் அறைப் பெட்டிக்கு இது போதும். பாட்டுக் கேட்க உட்காரும் ஆசாரத்துக்குத் தகாது.

அடுத்தது மூன்று பின். மாடுலேட்டருக்கு முன்பே, இடமும் வலமும் கலப்பதற்கு முன்பே, ஒலியைக் கையில் பிடிப்பது இம்முறை. வெள்ளைப் பின் இடம், சிவப்புப் பின் வலம். தடப் பிரிவு பிறப்பிலேயே இருக்கிறது; தனித்தனிக் கம்பி என்பதால் ஒன்றோடொன்று கலக்க வழியில்லை. உள்ளூரில் சேர்த்த எந்த ஆம்ப்ளிபையரிலும் இந்தத் துளைகள் உண்டு. எந்தக் கடையிலும் கார்டு கிடைக்கும். அறுந்தால் பற்றவைக்க ஐந்து நிமிடம். தாங்கும் திறன் என்ற நான்காவது அளவுகோலில் இதற்கு நிகர் இல்லை.

குறைகளோ பெரும்பாலும் கையாள்பவரின் குறைகள். அதனால்தான் அவை பரவலானவை. ஆம்ப்ளிபையரில் ஒரு துளை மட்டும் இருக்கிறது என்று வெள்ளைப் பின்னை மட்டும் செருகிச் சிவப்பைத் தொங்கவிடுவது முதல் பிழை. அப்போது மோனோகூடக் கிடைப்பதில்லை. பாதி பாட்டுதான் கிடைக்கிறது. வலப் பக்கம் பதிவான வயலின் வீட்டுக்குள் வரவே இல்லை. ‘பாட்டு ஒரு பக்கமாத்தான் கேக்குதுங்ணா’ என்று வருகிற புகாருக்குப் பல நேரம் இதுவே விடை. இரண்டாவது பிழை, இரு பின்னையும் முறுக்கி ஒன்றாக்குவது. அது பெட்டியின் இரு வெளியீடுகளையும் ஒன்றோடொன்று மோதவிடுகிறது. எதிர் முகமாகப் பதிந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மூன்றாவது, 3.5 மில்லிமீட்டர் ஒற்றை ஜாக்கிலிருந்து மூன்று பின்னாகப் பிரியும் கார்டு. வெளியே ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே எந்த வளையம் படம், எந்த வளையம் தரை என்ற வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாறிய கார்டைப் போட்டால் படத்தின் அலை ஒலிப் பின்னுக்குள் வந்து கொரகொரக்கும்.

நான்காவது பிழை நுட்பமானது. ஆனால் கேட்கத் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். பாட்டில் வாத்தியம் முழங்குகிறது, பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்குகிறது. குரல் இரு தடத்திலும் சமமாகப் பதியப்படுவது வழக்கம். ஜாக்கில் பொதுத் தரை அறுந்தால் இடத்திலிருந்து வலத்தைக் கழித்த மிச்சம் மட்டுமே ஸ்பீக்கரை அடைகிறது. சமமானது கழிந்துபோகிறது, குரலும் அதோடு போகிறது. இதற்கு இளைத்த வடிவம், ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருப்பது: அடித்தாளம் மெலியும், குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும். ஆம்ப்ளிபையரைக் கழற்றும் முன் இந்த இரண்டையும் பார்க்கிற மெக்கானிக் நம்பத் தகுந்தவர்.

மூன்று பின்னின் உண்மையான குறை, முறையிலேயே உள்ள குறை, உறுமல். கேபிள் ஒயரின் வலை தெருவிலுள்ள ஆம்ப்ளிபையரின் தரையோடு இணைந்திருக்கிறது. வீட்டு ஆம்ப்ளிபையரின் தரை வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள மின்னழுத்த வேறுபாடு ஏ.வி. கார்டின் வலை வழியே ஓடி, 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ ஓசையாகக் கேட்கிறது. கேபிள் ஒயரைக் கழற்றியதும் உறுமல் நின்றால் காரணம் இதுதான். அனலாக் ஒலி எதையும் மறுப்பதில்லை. வழியில் சேர்ந்த அழுக்கையும் பாட்டாகவே எண்ணிக் கொண்டுவருகிறது. நீளம் கூடக்கூட இந்தக் குறையும் கூடும். 2 மீட்டருக்குள் இது நல்ல முறை. மாடிக்கு இழுத்தால் சுமாரான முறை.

மூன்றாவது, கோஆக்சியல் என்று பெயரே பெற்ற டிஜிட்டல் துளை. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்தது. சர்வதேசத் தரநிலையில் ஐ.ஈ.சி. 60958. ஒற்றைப் பின், ஒற்றைக் கம்பி. ஆனாலும் அதனுள் இரு தடம். நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வொரு முறையும் இடத்துக்கு 32 பிட், வலத்துக்கு 32 பிட் என்று அடுக்கினால் நொடிக்கு 30,72,000 பிட். இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி ஓடுவதால் இரண்டும் ஒரே கம்பியில் கலவாமல் போகின்றன. ஆர்.எஃப். ஒற்றை ஒயரில் இரண்டையும் இழந்தது; இது ஒற்றை ஒயரில் இரண்டையும் காக்கிறது. கம்பியை வைத்து அல்ல, அதில் ஓடும் ஒலியின் வடிவத்தை வைத்தே தரம் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

தூய்மையில் இதற்கே முதலிடம். அரை வோல்ட் துடிப்பில் 0, 1 என்று மட்டும் பேசுவதால் வழியில் சேரும் சிறு அழுக்கு எண்ணை மாற்றுவதில்லை. ஒயருக்கு ஒரே நிபந்தனை: 75 ஓம். மஞ்சள் பின் கொண்ட நல்ல வீடியோ கார்டு 75 ஓம், கேபிள்காரரின் ஆர்.ஜி.6 ஒயரும் 75 ஓம். திருகுப் பின்னை ஆர்.சி.ஏ. பின்னாக மாற்றும் சிறு அடாப்டரைப் போட்டால் அதே ஒயர் டிஜிட்டல் ஒலிக்குப் பொருந்திவிடும். 750 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபெல் இழக்கும் ஒயர், இந்தச் சில மெகாஹெர்ட்ஸில் மிகக் குறைவாகவே இழக்கிறது. தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த கார்டை விற்பவரிடம் இந்த ஒரு கணக்கைக் கேட்டால் போதும்.

குறைகளுக்கு வருவோம், அவை சிறியவை அல்ல. முதலாவது, மறுமுனையில் இந்த மொழி தெரிந்த கருவி வேண்டும். ஆம்ப்ளிபையரின் சிவப்புத் துளையில் இதை நேரே செருகினால் பாட்டு வராது. மௌனமோ மெல்லிய சீற்றமோதான். நடுவில் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சிறு கன்வெர்ட்டர் வேண்டும். இரண்டாவது, மலிவான கன்வெர்ட்டருக்கு டிஜிட்டல் ஒலியின் எளிய வடிவமான பி.சி.எம். மட்டுமே புரியும். எச்.டி. சேனலிலோ ஓ.டி.டி. படத்திலோ டால்பி வடிவில் ஒலி வந்தால், அது வாய் மூடிவிடும் அல்லது ‘டக டக’ என்று அடிக்கும். கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று எடுத்துவைத்துவிடுகிறார்கள். செட்டாப் பாக்ஸின் ஒலி அமைப்பில் பி.சி.எம். என்று மாற்றிவிட்டால் பெட்டியே இரு தடமாகச் சுருக்கித் தந்துவிடும். அந்த ஓர் அமைப்பைச் சொல்லாமல் கன்வெர்ட்டரை விற்பது அரைவேலை.

மூன்றாவது குறை ஒத்திசைவில். எல்.இ.டி. பெட்டி படத்தைச் செப்பனிட்டுக் காட்டச் சற்றுக் காலம் எடுக்கிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து நேரே ஆம்ப்ளிபையருக்குப் போகும் ஒலியோ காத்திருப்பதில்லை. ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் கண்டுபிடிப்பார், பிந்தினால் 125 மில்லிநொடி வரை உணரமாட்டார் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த எல்லை. முந்துவதை நாம் பொறுப்பதில்லை. இயற்கையில் ஒளிதான் முதலில் வரும், ஒலி பின்னால் வரும். ஆகவே ஒலியைச் செட்டாப் பாக்ஸில் எடுப்பதைவிடத் தொலைக்காட்சியின் வெளியீட்டில் எடுப்பது மேல்: படத்தைத் தாமதிக்கும் பெட்டியே ஒலியையும் அதே அளவு தாமதித்துத் தருகிறது. பொது போர்டு போட்டு உள்ளூரில் சேர்க்கும் எல்.இ.டி. பெட்டிகள் சிலவற்றில் இந்தக் கோஆக்சியல் துளை இருக்கிறது. வாங்கியவருக்குத்தான் அது எதற்கென்று தெரிவதில்லை.

நான்காவது குறை தாங்கும் திறனில். சித்திரை, வைகாசிக் கோடைமழை நம் சமவெளியில் இடியோடு வரும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஒயர் அந்த அதிர்ச்சியை வீட்டுக்குள் இழுத்துவரும். வானம் இருட்டியதும் ‘கேபிள் பின்னப் புடுங்கிடு’ என்று அம்மாக்கள் சொல்வது அனுபவத்தில் விளைந்த அறிவு. கோஆக்சியல் எந்த வடிவில் இருந்தாலும் உலோகப் பாலம். ஒரு முனையில் விழுந்தது மறுமுனைக்கும் போகும். இந்த ஒரு புள்ளியில் ஒளியிழை இணைப்பு, 1983இல் தோஷிபா கொண்டுவந்த ஆப்டிகல் துளை, மேலானது. அது கொண்டுசெல்வதும் இதே எண்கள்தாம். ஒளியாகச் செல்வதால் இடியும் பாயாது, தரை உறுமலும் தாவாது. ஆனால் அந்த இழை மடங்கினால் முறியும், எலி கடித்தால் உள்ளூரில் ஒட்டமுடியாது. அதிர்ச்சியைத் தடுப்பதில் ஆப்டிகல். பழுதுக்கு ஈடுகொடுப்பதில் கோஆக்சியல். எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இரண்டையும்விட வசதியானது என்பது உண்மை. அதற்கு இரு முனையிலும் புதுக் கருவி வேண்டும். வீட்டில் சேர்த்த ஆம்ப்ளிபையரை நேசிக்கிறவருக்கு அது விடையாகாது.

இப்போது ஓர் எதிர்வாதத்தை நேர்மையாகச் சந்திக்க வேண்டும்: இந்த வீடுகளுக்கு ஸ்டீரியோ தேவைதானா? குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் இளம்பிள்ளையிலும் தறிக்கூடத்தை ஒட்டியே வீடு. விசைத்தறியின் ஓசை 90 டெசிபெல்லைத் தாண்டும். அங்கே இடம் வலம் பார்க்க நேரமேது? தறி ஓடும்போது இல்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் தறி நிற்கிறது. அந்த அமைதியில் கேட்கிற பாட்டை அரைகுறையாகக் கொடுப்பது நியாயம் ஆகாது. நாளெல்லாம் இரைச்சலில் வேலை செய்கிறவருக்கே தெளிந்த ஒலி அதிகம் தேவை.

எதிர்வாதத்தின் இன்னொரு பாதியில் உண்மை இருக்கிறது. பல வீடுகளில் ஒரு ஸ்பீக்கர் ஆசாரத்தில், மற்றொன்று சமையக்கட்டு வாசலில். அப்படி வைத்தவருக்கு ஸ்டீரியோ தீங்கே செய்யும். சமையலறையில் இருப்பவருக்குப் பாட்டின் வலப் பாதி மட்டும் கேட்கும். அங்கே முறையாகக் கலந்த மோனோவே சரி. ஸ்டீரியோ என்பது இரு ஸ்பீக்கரும் ஒரே அறையில், கேட்கிறவரோடு ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக அமைந்தால் மட்டுமே பொருள் தரும் ஏற்பாடு. அதேபோல் மூலத்தில் இல்லாததை எந்த இணைப்பும் தராது. ஏற்காடு சாலையில் இருந்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வண்ணத்தில் தந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை எந்தத் துளையில் கேட்டாலும் அது மோனோதான். அப்படிக் கேட்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதையும். அதைச் ‘சரவுண்ட்’ பொத்தானால் பரப்புவது அலங்காரம். 1978இல் ‘பிரியா’ பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானதிலிருந்து தொடங்கும் தமிழ் இசையின் பெரும்பகுதியோ இரு தடத்துக்கென்றே அமைந்தது. அந்தப் பாடல்களை ஒற்றைத் தடத்தில் அடைப்பது இழப்பு.

தீர்ப்புக்கு முன் ஒரு சோதனை. வாசகர் என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. ஸ்டீரியோ என்று உறுதியாகத் தெரிந்த பாட்டை ஓடவிட்டு ஆம்ப்ளிபையரின் பேலன்ஸை முழுக்க இடம் திருப்புங்கள், பிறகு முழுக்க வலம். இரு முனையிலும் வாத்தியம் மாறவில்லை என்றால் வந்துகொண்டிருப்பது மோனோ. இன்னும் கறாரான சோதனை, இரு தடத்துக்கும் பொதுத் தரை கொண்ட பழைய வகை ஆம்ப்ளிபையரில், இரு சிவப்பு முனைகளுக்கும் நடுவில் ஒரு ஸ்பீக்கரை இணைப்பது. அதில் ஒலிப்பது இரு தடத்தின் வேறுபாடு மட்டுமே. ஆர்.எஃப். வழியில் அது ஏறக்குறைய ஊமையாகிவிடும்; மூன்று பின்னுக்கு மாறியதும் உயிர் பெறும். பிரிட்ஜ் முறை ஐ.சி. போட்ட ஆம்ப்ளிபையரில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, ஐ.சி. போய்விடும்.

இனித் தீர்ப்பு. ஆன்டெனாத் துளை வழி இணைப்பு, நம் சந்தையில் கிடைக்கும் கருவிகளோடு, ஸ்டீரியோவுக்குத் தகுதியற்றது. எந்த ஒயரும் அதைக் காப்பாற்றாது. மூன்று பின் தகுதியுடையது, குறுகிய தூரத்துக்கும் இருக்கிற ஆம்ப்ளிபையருக்கும். இரு பின்னும் தனித்தனியே செருகப்பட வேண்டும் என்பது நிபந்தனை. செலவே இல்லாமல் பெரும்பாலான வீடுகளைத் திருத்தக்கூடியது இதுதான் என்பதால், பயனில் இதற்கே முதலிடம் தருகிறேன். டிஜிட்டல் கோஆக்சியல் தரத்தில் முதலிடம்; பி.சி.எம். அமைப்பும், தொலைக்காட்சியிலிருந்தே ஒலி எடுப்பதும், இடிக்காலத்தில் கேபிள் பின்னைக் கழற்றும் பழக்கமும் துணையிருந்தால் அதன் குறைகள் அனைத்தும் கட்டுக்குள் வரும்.

இதில் ஒரு நல்வாய்ப்பும் இருக்கிறது. வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப் பதித்து மாடிவரை ஆர்.ஜி.6 இழுத்தவர்கள் ஏராளம். மாடிப் பெட்டி தனி இணைப்புக்கு மாறிய பின் அந்த ஒயர் இரு முனையிலும் வெறுமனே தொங்குகிறது. மாடுலேட்டரின் ஒற்றைத் தடத்தைச் சுமந்து பழகிய அதே ஒயரின் இரு முனையிலும் ஓர் அடாப்டர், மாடியில் ஒரு கன்வெர்ட்டர்: கீழேயிருக்கும் பெட்டியின் ஒலி இரு தடமாக மாடி ஆம்ப்ளிபையருக்கு ஏறும். இம்முறைக்கு 10 மீட்டர் என்று பொதுவாகச் சொல்லப்படும் எல்லையை நல்ல 75 ஓம் ஒயர் எளிதில் தாண்டும். சுவரை உடைக்க வேண்டாம், புது ஒயர் வேண்டாம். மோனோவுக்காக இழுத்த ஒயர் ஸ்டீரியோவுக்குப் போதும்; அதற்குக் கொடுத்த வேலையைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.